நாடியைக் கொஞ்சம் இறக்குங்கள்

மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. படியேறி வந்தால் ஒரு சின்ன முன்பகுதி, அதைத் தாண்டினால் படம் எடுக்கிற அறை. அந்த அறைக்கு ஒரு நல்ல பெரிய ஜன்னல் உண்டு. எனக்கு முன்னால் அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவர் அதன் கண்ணாடி முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். வெயில் உள்ளே வந்து தன் தொழிலைக் கெடுத்துவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். எட்டு வருஷமாக அந்த ஜன்னலை நான் தொடவே இல்லை.

அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். என் ஸ்டூடியோவின் பேர் இருந்தது கல்யாணப் பேச்சுக்கு அனுப்புகிற படங்களில்தான். இரண்டு பக்கமும் குடை கட்டிய விளக்குகள், பின்னால் திரைக்கு ஒன்று. மூக்குக்குப் பக்கத்தில்கூட நிழல் விழாது. முகத்தில் நிழல் விழுந்தால் நிறம் குறையும், நிறம் குறைந்தால் கூட வந்த அம்மாவின் குரல் கூடும். அதன் பிறகு கம்ப்யூட்டரில் இருபது நிமிஷம். பரு, மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பு எல்லாம் போய்விடும். யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே செய்துவிடுவேன். மாப்பிள்ளைகளுக்கு ஒரு கறுப்புக் கோட்டும் வைத்திருந்தேன். ஒரே அளவுதான். ஒல்லியானவர்களுக்கு முதுகுப்பக்கம் துணி உலர்த்தும் கிளிப் நான்கு போட்டால் கச்சிதமாக இருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் கம்பெனி மேனேஜர், பின்னால் இருந்து பார்த்தால் கொடியில் காயும் துணி.

தொடங்கிய புதிதில் ஒரே ஒரு பெண்ணை முன்பகுதியில், படிக்கட்டுப் பக்கமிருந்து வருகிற பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தேன். நன்றாகவே வந்தது. அவளுடைய அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்து, "கரண்ட் இல்லையா மகள்? நாங்க வேணும்னா நாளைக்கு வாறோம்" என்றார். இன்னொரு பெரியவர் விளக்கு 'டப்' என்று அடிக்காத வரைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அடிக்காவிட்டால் படம் விழவில்லை என்பது அவருடைய கட்சி. திரைப் பக்கம் திருப்பி ஒரு தடவை அடித்துக் காட்டினேன், எழுந்து போனார். அதோடு நான் பகல் வெளிச்சத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பொம்பளை தனியாக ஸ்டூடியோ நடத்தி, வருகிற ஆம்பளைகளை உட்கார வைத்து இப்படித் திரும்புங்கள், அப்படிப் பாருங்கள் என்று சொல்வது ஊர் கண்ணுக்கு அவ்வளவு நல்லதாகப் படாது. அதனால் பதினெட்டு வயதிலிருந்து எண்பது வயது வரைக்கும் எல்லாரும் எனக்கு அண்ணன்தான். "அண்ணே, நாடியக் கொஞ்சம் எறக்குங்க." ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை சொல்லியிருப்பேன். கேமராவைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் நாடியை, அதுதான் முகவாயை, தூக்கிவிடுவார்கள், ஏன் என்று தெரியாது.

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். கறுப்பு நிறம், மூக்குக்கண்ணாடி, இரண்டு கன்னத்திலும் அம்மை போட்ட குழிகள். ஏலக்காய், மிளகு, கராம்பு வாங்குகிற ஒரு கடையில் சாமான் தரம் பிரிப்பது வேலை என்றார். கல்யாணப் பேச்சுக்குப் படம் வேண்டும், அம்மாவின் உத்தரவு.

நான் கோட்டை மாட்டி, கிளிப் போட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். "கண்ணாடி இல்லாம எனக்கு நீங்க இருக்கிறதே தெரியாது" என்றார். "தெரிய வேண்டியதில்ல. அண்ணே, நாடியக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன். இறக்கினார். பிறகு அவரை முன்பகுதியில் உட்கார வைத்துவிட்டு என் இருபது நிமிஷத்தைச் செய்தேன். குழிகள் எல்லாவற்றையும் மூடினேன். நிறத்தை இரண்டு படி ஏற்றினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

படத்தைக் கையில் கொடுத்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். பிடிக்காமல் போகிறாரோ என்று நினைத்தேன். அங்கே வெளிச்சத்தில் நின்று படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏன், உள்ளே லைட் இருக்கே, அங்க பாக்கக்கூடாதா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. தொழில் பழக்கம். டியூப் லைட்டுல பாத்தா போன வருஷத்து ஏலக்காயும் பச்சையாத்தான் தெரியும். அதனால நாங்க எதையும் வாசலுக்குக் கொண்டுவந்துதான் பாப்போம்." அப்படிச் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒங்க கன்னத்துல என்னமோ பட்டிருக்கு."

"அது தழும்பு. சின்ன வயசுல சுடுதண்ணி பட்டது." இடது கன்னத்தில், ஒரு ஏலக்காய் அளவு.

"அப்ப சரி. இங்க்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பிரின்டர் இங்க்கைத்தான் சொன்னார். பார்த்தவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்பார்கள், அல்லது பார்க்காத மாதிரி இருப்பார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாததால் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள், அப்பாவின் தங்கச்சியான அத்தையோடுதான் இருக்கிறேன். என் கல்யாணம் அத்தையின் தலைவலி. அதற்குள் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவையும் என் படத்தைப் பார்த்து ஆசையாக வந்தார்கள், என்னைப் பார்த்துவிட்டு வடையைச் சாப்பிட்டார்கள், பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பொருந்திய பிறகுதான் வந்திருந்தார்கள். அந்தப் படத்தை நானே, ஸ்டூலில் ஒரு தலையணையை நிறுத்தி ஃபோகஸ் பார்த்து, டைமர் வைத்து எடுத்திருந்தேன். வந்தவர்களுக்கு இருபது நிமிஷம் செலவழிக்கிற நான் என் முகத்துக்கு மூன்று மணி நேரம் செலவழித்தேன். தழும்பு போன இடம் தெரியவில்லை. அதோடு சேர்ந்து என் முகத்தில் வேறு சிலதும் போயிருந்தன. மூன்றாவது தடவையும் அப்படி ஒரு ஆள் வந்து என்னைப் பார்த்து முகம் வாடுவதை என்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் படத்தை நான் மாற்றவில்லை, தொழில்காரிக்கு வீம்பு.

அந்த வியாழக்கிழமைக்கு மூன்று மாதம் கழித்துத் தரகர் ஒரு கவரோடு வந்தார். அத்தை திறந்து பார்த்து, "பாருடி, செக்கச் செவேல்னு, பெரிய உத்தியோகக்காரன் மாதிரி" என்றாள். நான் பார்த்தேன். கோட்டுதான் முதலில் அடையாளம் தெரிந்தது, பிறகு அந்த இரத்தோட்டைக்காரர்.

அந்த ஆள் உண்மையில் எப்படி இருப்பார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. சொன்னால் அத்தை கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவர் வரட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. என் படமும் அங்கே போனது. அவர் என்னை அதில் கண்டுபிடிக்கவில்லை என்பது, பெண் பார்க்க வருகிறோம் என்று எந்தச் சலனமும் இல்லாமல் பதில் வந்ததிலிருந்தே தெரிந்தது. தரகரிடம் அத்தை என் தொழிலையும் சொல்லியிருக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல வேலை செய்றா" என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யில்லை.

சாயந்தரம் ஆறரைக்கு வரச் சொல்லலாம் என்றாள் அத்தை. இருட்டினால் நல்லது என்று அவள் வாயால் சொல்லவில்லை. ஹாலில் புது பல்ப் போட்டாள். அதுவும் போதாது என்று ஸ்டூடியோவிலிருந்து ஒரு விளக்கைக் கொண்டுவரச் சொன்னாள். அலுமாரிக்கு மேலே அதை வைத்து, வெள்ளைத் துணி சுற்றி, பக்கத்தில் ஒரு பூச்சாடியையும் வைத்தோம். பெண் பார்க்கிற வீட்டில் பெண்ணே வந்து லைட் கட்டுவது ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். இரத்தோட்டைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். வெளியே நல்ல வெயில். அத்தை ஓடிப்போய் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு எல்லா விளக்கையும் போட்டாள். "வெக்கை அதிகம்ங்க" என்று அவர்களுக்குக் காரணம் சொன்னாள்.

அவரும் அவருடைய அம்மாவும்தான். நான் சாரி கட்டி, பவுடர் போட்டு, டீ தட்டோடு ஹாலுக்கு வந்தேன். நான் கட்டிய விளக்கு நேராக என் முகத்தில் அடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், அம்மா சொல்லியிருப்பார். கதிரையில் விறைப்பாக உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல நாடியைத் தூக்கி வைத்திருந்தார். நான் குனிந்து தட்டை நீட்டினேன். தூக்கிய நாடி கண்ணுக்கு முன்னால் இருந்தது, வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"அண்ணே, நாடியக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன்.

அவர் உடனே இறக்கினார். பிறகு திடுக்கிட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அலுமாரிக்கு மேலே விளக்கைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். டீயை எடுத்துக்கொண்டார். பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பெண் அண்ணே என்று கூப்பிட்டதில் அத்தைக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. "அவளுக்குக் கொஞ்சம் படபடப்பு" என்றாள்.

அவருடைய அம்மா டீயை வைத்துவிட்டு, "ஒங்க வீட்டுல மிளகுக் கொடி இருக்காமே, பாப்பமா புள்ள?" என்று எழுந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் கேட்கிற கேள்விதான். பின்பக்கம் கொடியோ, கிணறோ, வாழையோ ஏதோ ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கொடியை யாரும் பார்ப்பதில்லை. பெண்ணைப் பகல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் விஷயம். அத்தை தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாலு பேரும் பின்வாசலுக்கு வந்தோம்.

அந்த அம்மா ஒரு விரலால் என் முகத்தை வெயில் பக்கம் திருப்பினார். "இது போட்டோவுல இல்லையே" என்றார், தழும்பைப் பார்த்து.

"அது அந்த ஸ்டூடியோக்காரன் பாத்த வேலைங்க" என்றாள் அத்தை, கொஞ்சமும் யோசிக்காமல்.

"அவங்க அப்பிடித்தான்" என்றார் அந்த அம்மா. அவருக்கு என் மேல் கோபமே வரவில்லை. "டவுன்ல ஒரு பொம்பள இருக்கா. எங்க மகன் மூஞ்சிய இப்பிடித்தான் வழிச்சு எடுத்துட்டா. உக்குவளையில ஒரு எடம், படத்தப் பாத்து ஆசையா வரச் சொன்னாங்க. போனோம். அந்தப் பொண்ணு இவனப் பாத்ததும், மாப்பிள்ள எங்கன்னு கேட்டுச்சு. இவன் பக்கத்துலயே நிக்கிறான். திரும்பி வர்ற வழியெல்லாம் என் மகன் ஒரு வார்த்த பேசல."

மகன் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அத்தை என் கையைக் கிள்ளினாள், பேசாதே என்று. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் வடையைச் சாப்பிட்டுவிட்டு முகம் வாடிப் போனவர்களை எனக்கு ஞாபகம் வந்தது. அதையே அவருக்கும் நான் செய்து அனுப்பியிருக்கிறேன், அதுவும் திருப்தியோடு.

"அந்தப் பொம்பள நான்தாங்க" என்றேன்.

அத்தை கிள்ளிய கையை விட்டாள். பிறகு அந்த அம்மா, "ஏன் புள்ள அப்பிடிச் செஞ்ச?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்றது."

"அவன் கேட்டானா?"

"இல்லைங்க."

அந்த அம்மா தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்கள். வாசலில் அவர் திரும்பிப் பார்த்தார் என்று சொல்ல ஆசைதான். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டது. இந்தத் தடவை அனுப்பியது அத்தை. "படத்துல செவேல்னு இருந்தான், நேர்ல மூஞ்சி பூரா குழி. அதுக்கும் மேல, மாப்பிள்ளைய அண்ணேன்னு கூப்புட்ட பெறகு என்னா கல்யாணம்?" என்றாள். குழியை மூடியது நான், அவர் குறைவாகத் தெரிந்தது என் படத்தால் என்று அவளிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவர்களும் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஸ்டூடியோவில் வைத்து அழுதுகொண்டேன், அங்கே ஜன்னல் கறுப்பு.

அதற்குப் பிறகுதான் அந்த ஜன்னல் கண்ணில் பட ஆரம்பித்தது. "அவன் கேட்டானா?" என்ற கேள்வி ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு பிளேடை எடுத்துப் பெயின்டைச் சுரண்டினேன். நல்ல பெயின்ட், லேசில் வரவில்லை. மூன்று வாரத்தில் பாதி ஜன்னல் சுத்தமானது. துணிக்கடை முதலாளி மேலே வந்து எலி புகுந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த மூன்றாவது வாரம், மறுபடி ஒரு வியாழக்கிழமை, அவர் படியேறி வந்தார்.

"ஒரு படம் எடுக்கணும்" என்றார்.

"எதுக்கு?"

"கல்யாணப் பேச்சுக்கு."

எந்த வீட்டுக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்பதால் கோட்டை எடுத்தேன். வேண்டாம் என்றார். விளக்கைப் போடப் போனேன். "அது எதுக்கு, ஜன்னல்தான் இருக்கே" என்றார். கண்ணாடியையும் கழற்றவில்லை. ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. கன்னத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்ன நிழல் இருந்தது. நன்றாக இருந்தார். வேறு யாருக்கோ அனுப்பப்போகிற படத்தை இவ்வளவு நன்றாக எடுக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

நாடி மேலே இருந்தது. "நாடியக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன்.

"முன்னுக்கு ஒரு சொல் வருமே?"

"இன்னைக்கு வராது."

அவர் சிரித்தார். அப்போது கேமரா பட்டனைத் தட்டினேன். கம்ப்யூட்டரில் ஒன்றுமே செய்யாமல் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பழையபடி படிக்கட்டுப் பக்கம் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து அதை என் மேசையில் வைத்தார்.

"கவர்ல போட்டுத் தரவா? தரகருக்கா?" என்றேன்.

"இல்ல. ஒங்க அத்தைக்கு" என்றார். "அன்னைக்கு அவங்க அந்தக் கோட்டுக்காரனப் பாத்துட்டு என்னையப் பாத்தாங்க. யாருக்குன்னாலும் பிடிக்காது. இதப் பாத்துட்டு என்னைய ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

நான் கவரைத் தேடுகிற மாதிரி மேசையைக் கிண்டினேன். கவர் கையில்தான் இருந்தது.

"ஒங்க படமும் ஒண்ணு வேணும். அம்மா கேட்டாங்க. தழும்போட."

"டைமர் வைக்கிறேன்."

"எதுக்கு, நான் இருக்கேன்ல? எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெயில் இடது கன்னத்தில் சூடாகப் பட்டது. அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுவந்த ஏலக்காயைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல். எங்கே பார்ப்பது, கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாடியக் கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

இறக்கினேன்.